நார்மல் என்று எழுதிய ரத்தம்

ஏப்ரல் 12, புதன்

நார்மல் ஆள் கிடைப்பதுதான் இந்தத் திருச்சியில் பெரும்பாடு. பிரஷர் உள்ள கர்ப்பிணி வேண்டுமென்றால் வார்டில் போய் நின்றால் போதும், எதற்கென்றுகூடக் கேட்காமல் கையை நீட்டிவிடுவார்கள், பாவம். ஒரு கோளாறும் இல்லாத கர்ப்பிணி மட்டும் ஊசியைக் கண்டதும் "வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்" என்பாள். போனவள் போனவள்தான். ஒப்பிட்டுப் பார்க்க நலமாக இருப்பவர்களின் ரத்தம் இல்லாவிட்டால் என் நான்கு வருட ஆராய்ச்சி அம்போ.

என் கைடு திலகவதி மேடம் இன்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் "கன்ட்ரோல் எங்க பெர்னதெத்?" என்று கேட்டார். நலமாக இருப்பவர்களின் ரத்தத்துக்கு எங்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயர். நான் கையை மேசைமேல் நீட்டிவிட்டேன்.

"இதோ மேடம். அஞ்சு மாசம் ஆகப்போகுது. சுகர் இல்ல, பிரஷர் இல்ல. என்னவிட நார்மல் யாரு இருக்கா இங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். இது எங்கள் லேபில் புதிதும் இல்லை. நார்மல் ரத்தம் பற்றாக்குறை வந்தால் நாங்களே சட்டைக் கையைச் சுருட்டிக்கொள்வோம். போன வருடம் வேறொருவர் ஆராய்ச்சிக்காக நானும் பானுவும் மாறி மாறிக் கொடுத்தோம். ஷர்மிளா பானு என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவள், ஊசி இறங்கியதே தெரியாமல் எடுப்பாள்.

எடுத்த ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்த நீரைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைபெட்டியில் வைத்தோம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குழாய். மூடிகளில் "நார்மல்" என்று நானே எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 14, வெள்ளி

வருடப் பிறப்பு, லீவு. அத்தை, அதாவது என் வீட்டுக்காரர் ரெமியின் அம்மா, பாயசம் கிண்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பேறுகாலத்துல கழிச்சுப் போடுற நஞ்சுக்கொடிய வெச்சு அப்படி என்னம்மா படிப்பு?"

அது கழிவு இல்லை அத்தை, குழந்தை தனக்குத் தானே செய்துகொள்கிற உறுப்பு என்றேன். மூச்சு, சாப்பாடு எல்லாம் அதன் வழியாகத்தான். அம்மாவின் உடம்புக்குள் இருக்கிறதே தவிர அது அம்மாவுடையது அல்ல. அதில் பாதி ஜீன் அப்பாவுடையது. பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ரெமி நிமிர்ந்தார். பள்ளிக்கூட ஆங்கில வாத்தியார், ஜீன் என்றால் பேன்ட் என்று ஜோக்கடிப்பவர்.

"அப்ப அதுல எனக்கும் பங்கு உண்டா?"

"சரிபாதி."

"பரவால்லியே. கொழந்தைக்கு முன்னாடியே நான் ஒண்ணு செஞ்சிருக்கேன்."

அத்தைக்காக இன்னும் சொன்னேன். நஞ்சுக்கொடி அம்மாவின் ரத்தத்துக்குள் இரண்டு புரதங்களை அனுப்புகிறது. ஒன்று ரத்தக்குழாய்களை நன்றாக வளரச் சொல்கிறது. அதன் நீளமான பெயரை விட்டுவிட்டு நான் வளர்ப்பான் என்பேன். இன்னொன்று அந்த வளர்ப்பானைக் கவ்விப் பிடித்து முடக்கிவிடும், அது பறிப்பான். இரண்டும் அளவோடு இருந்தால் ஒன்றுமில்லை. வளர்ப்பான் குறைந்து பறிப்பான் ஏறினால் நஞ்சுக்கொடி திணறுகிறது என்று அர்த்தம். அம்மாவுக்குப் பிரஷர் வரும், குழந்தைக்குச் சாப்பாடு போகாது, வளராமல் நின்றுவிடும். சில பேருக்குக் குழந்தையின் ஜீனிலேயே பறிப்பானைக் கூட்டிவிடும் சுபாவம் இருக்கிறது. அதைத்தான் நான் தேடுகிறேன்.

"இதெல்லாம் வெளிய எப்பத் தெரியும்?" என்று கேட்டார் அத்தை.

"பிரஷர் ஏறுறதுக்குப் பல வாரம் முன்னாடியே ரத்தத்துல தெரிஞ்சிடும் அத்தை. அதான் இதுல விசேஷம்."

பாயசத்தில் முந்திரி தாராளம்.

ஏப்ரல் 18, செவ்வாய்

இரண்டு புரதங்களையும் அளக்கும் சோதனைக் கிட் ஒருவழியாக வந்தது. லீவு நாட்களில் கூரியர்காரன் எங்கே போட்டு வைத்திருந்தானோ, பெட்டிக்குள் ஐஸ் கட்டி எல்லாம் வெந்நீர் ஆகாத குறை. பானு தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். விலையை நினைத்து இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுவிட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினோம்.

குட்டி முதல் தடவையாக உதைத்தது, மீன் துள்ளுகிற மாதிரி. பானுவின் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தேன். அவள் கை வைத்ததும் நிறுத்திவிட்டது. பிடிவாதக்காரி.

ஏப்ரல் 26, புதன்

போச்சு. முதல் தட்டு குப்பை.

வரிசை வரிசையாகக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு அது. ரத்த நீரை விட்டு, மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றினால் புரதம் இருக்கும் அளவுக்கு மஞ்சள் நிறம் ஏறும். நார்மல் ஆளுக்கு வளர்ப்பான் குழி நல்ல மஞ்சளாக வரவேண்டும். என் குழி தண்ணீர் மாதிரி நின்றது. பறிப்பான் வரிசையிலோ என் குழி, வார்டில் பிரஷர் ஏறி ஜன்னி வந்து படுத்திருந்த ஒரு லால்குடிப் பெண்ணின் குழிக்குச் சமமாக மஞ்சளித்திருந்தது.

கன்ட்ரோல் தப்பினால் தட்டே தப்பு. இதுதான் விதி. கன்ட்ரோல் சரியாக வராத சோதனையில் மற்ற எந்த எண்ணையும் நம்பக்கூடாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். தூக்கிப் போட்டேன். ஐஸ் உருகியபோதே நினைத்தேன், இந்தக் கிட் உருப்படாது என்று.

ஏப்ரல் 28, வெள்ளி

கம்பெனிக்குப் புகார் மெயில் போயாகிவிட்டது. என் ஆங்கிலத்தில் எழுதினால் கெஞ்சுகிற மாதிரி இருக்கும் என்று ரெமி உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்து நின்று வாசித்துக் காட்டினார். "இவ்வளவு மோசமான தரத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை" என்ற இடத்தில் குரலை உயர்த்தினார். அத்தைக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் கை தட்டினார்.

மே 4, வியாழன்

கத்திரி தொடங்கியது. செக்கப்புக்குப் போனேன். பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்கிறதாம். "படி ஏறி வந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஏறித்தான் வந்தேன், லிஃப்டில் நிற்கப் பொறுமை இல்லை. உட்கார வைத்து மறுபடி பார்த்தார், கொஞ்சம் இறங்கியிருந்தது. உப்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த வாரம் கட்டாயம் வரச் சொன்னார். அடுத்த வாரம் தட்டு வேலை இருக்கிறது. அதற்கடுத்த வாரம் போகலாம்.

மே 9, செவ்வாய்

இரண்டாவது தட்டும் அதே கதை. என் குழி மறுபடி தண்ணீர். மற்ற எண்கள் ஒழுங்காக வந்த மாதிரி இருக்கிறதே என்று பானு இழுத்தாள்.

"வேற யாராவது நார்மல் ரத்தத்த வெச்சு ஒரு தரம் பாக்கலாமா பெர்னா?"

"எதுக்கு? கெட்டுப்போன கிட்ல யாரு ரத்தத்த ஊத்துனா என்ன?"

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

கம்பெனியிலிருந்து தினகரன் என்று ஒருவர் சென்னையிலிருந்து பேசினார். "மேடம், நீங்க டென்ஷன் ஆவாதீங்க, இந்த நேரத்துல டென்ஷன் ஆவக்கூடாது" என்றார். நான் மாசமாக இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தால், மெயிலில் ரெமி அதையும் எழுதியிருக்கிறார், அனுதாபம் வருமென்று!

மே 15, திங்கள்

தலைவலி. வெயில்.

மே 18, வியாழன்

இந்த வாரம் எடுக்கவேண்டிய ஸ்கேனைத் தள்ளிப் போட்டேன். மேடம் டெல்லியிலிருந்து வருவதற்குள் பழைய எண்களையாவது ஒழுங்குபடுத்தி வைக்க வேண்டும். குட்டி இரண்டு நாட்களாகச் சமர்த்து. உதை இல்லை, குத்து இல்லை, அம்மாவை நிம்மதியாக ரிப்போர்ட் அடிக்க விடுகிறது. இப்போதே என் கஷ்டம் தெரிகிறது பார் என்று ரெமியிடம் சொன்னேன்.

மே 21, ஞாயிறு

வளைகாப்புக்கு வளையல் எடுக்க அத்தையோடு சின்னக்கடைத் தெரு. என் அளவு எப்போதும் டூ ஃபோர். ஏறவில்லை. டூ சிக்ஸ் முட்டியோடு நின்றது. கடைக்காரர் சோப்புத் தண்ணீர் போட்டு டூ எய்ட் ஏற்றினார்.

"கையும் காலும் நல்லா பூரிச்சுப் போயிருக்கு. பையன்தான்" என்றார் அத்தை. கடையிலிருந்த இரண்டு பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். எல்லாரும் இத்தனை சந்தோஷமாக இருக்கும்போது நான் என்ன பாடமா நடத்த முடியும்? கர்ப்பத்தில் முக்கால்வாசிப் பேருக்குக் கால் வீங்கும். வீக்கத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று புத்தகத்திலேயே இருக்கிறது.

செருப்பு வார் அறுந்தது. புதுசு வாங்கவேண்டும், ஒரு அளவு பெரிதாக.

மே 26, வெள்ளி

பானுவோடு சண்டை.

நேற்று மாலை நான் கிளம்பிய பிறகு, மிச்சமிருந்த குழிகளில் அவளாகவே ஒரு சோதனை போட்டிருக்கிறாள். அவளுடைய சித்தி மகளுக்கு ஆறு மாதம், அந்தப் பெண்ணின் ரத்தத்தைப் புதிதாக எடுத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்துக் குழியில் என்னுடையது. காலையில் நான் வந்ததும் வராததுமாகத் தட்டின் படத்தைக் காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி, என் குழி பழையபடி தண்ணீர்.

"கிட் நல்லாத்தான் இருக்கு பெர்னா."

"அப்ப என் ரத்தம் கெட்டுப்போச்சுங்கிறியா?"

கேட்ட பிறகுதான் நான் கேட்டது என் காதில் விழுந்தது. பானுவின் கண் நிறைந்துவிட்டது. பிரஷர் பார்க்கலாம் வா என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். என்னைக் கேட்காமல் கிட்டைத் தொட்டது தப்பு, குழாயை மாற்றி எடுத்திருப்பாய், மேடம் வரட்டும் சொல்கிறேன், என்னென்னவோ கத்தினேன். பாதி நாளில் கிளம்பி வந்துவிட்டேன்.

குழாயைத்தான் மாற்றியிருக்கிறாள். வேறு என்ன.

மே 27, சனி

பானு பல தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மே 30, செவ்வாய்

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையில் ஊசி ஏறியிருப்பதால் கையெழுத்து கோணல்.

சர்ச்சில் ஞாயிறு பூசையில் பீடத்து மெழுகுவர்த்திகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. கண்ணைக் கசக்கினேன், ஓரமெல்லாம் மினுக்கியது. வலது விலாவுக்குக் கீழே யாரோ முட்டியால் அழுத்துகிற வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன என்று வார்டுப் பெண்களுக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ரெமியின் காதில், "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். "நற்கருணை வாங்கிட்டுப் போலாமா?" என்றார். "இப்பவே" என்றேன்.

பிரஷர் எக்கச்சக்கம். யூரினில் புரதம். ஸ்கேனில் குழந்தை மாதத்துக்கு ஏற்ற எடை இல்லை, நிறையவே குறைவு. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் விட்டு விட்டுப் போகிறதாம். ஜன்னி வராமலிருக்க மருந்து, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி. என் சாம்பிளுக்காக நான் தினமும் நடந்த அதே வார்டு. இப்போது நான் ஒரு கட்டில்.

"அவ படிச்ச புள்ள டாக்டர். கோயில்ல ஒக்காந்திருக்கும்போதே கரெக்டா சொல்லிட்டா" என்று ரெமி டாக்டரிடம் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 3, சனி

முந்தாநாள் எடுத்துவிட்டார்கள். பெண். எழுநூறு கிராம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். காலில் கட்டிய சீட்டில் பெர்னதெத்தின் குழந்தை என்று இருக்கிறது. என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போய்க் காட்டினார்கள். என் மோதிரம் அவள் கையில் தோள்வரை ஏறும். மூக்கு ரெமியுடையது.

ஆபரேஷனுக்கு முன்பே பானு வந்திருந்தாள், ஐஸ் பெட்டியோடு. நஞ்சுக்கொடியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானே எடுத்துக்கொள் என்றேன். இன்று மறுபடி வந்தபோது, எப்படி இருந்தது என்று கேட்டேன். "சின்னதா இருந்துச்சு. நெறைய எடத்துல வெள்ளையா" என்றாள். என் குழந்தை தனக்காகச் செய்துகொண்ட முதல் பொருள் அது. தன்னால் முடிந்தவரை செய்திருக்கிறாள். பானுவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை.

ஜூன் 6, செவ்வாய்

பால் பிழிந்து கொடுக்கிறேன். ஒரு தடவைக்குச் சில சொட்டுதான் அவளுக்கு, குழாய் வழியாக. நேற்றைவிட இன்று நிறம் தேவலை என்றார் நர்ஸ் லில்லி சிஸ்டர்.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன், யாரோ ஒரு பேஷன்ட் விஷயம் மாதிரி. "இது ஏப்ரல் கடைசியிலேயே ரத்தத்துல தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க டாக்டர்?"

"இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் இல்லம்மா, உங்களுக்கே தெரியும். அடிக்கடி கூப்பிட்டுப் பாத்திருப்போம். முன்னாடியே அட்மிட் பண்ணி, பிரஷர பிடிச்சு வெச்சிருப்போம். குழந்தை ஒரு வாரம், பத்து நாள் கூடுதலா வயித்துக்குள்ள இருந்திருக்கலாம். இல்லாமயும் போயிருக்கலாம்."

இந்த எடையில் ஒரு வாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பக்கத்துப் பெட்டியில் ஒரு குழந்தை இவளைவிட ஒரு வாரம் கூட இருந்து வந்தது. தானாக மூச்சு விடுகிறது.

ரெமி, "ஜீன்ல ஏதோ இருக்கும்னியே, அது என் பாதியா, உன் பாதியா?" என்று கேட்டார். அது அப்படிப் பிரித்துச் சொல்கிற விஷயம் இல்லை என்றேன். "என் பாதியா இருந்தா சொல்லிடு" என்றார். அன்றைக்குப் பங்கு கேட்டுச் சந்தோஷப்பட்ட மனுஷன். இல்லை என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

ஜூன் 8, வியாழன்

குடலில் கிருமி. வயிறு உப்பிவிட்டது. பாலை நிறுத்திவிட்டார்கள்.

லில்லி சிஸ்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, "சாமியார் வர்ற வரைக்கும் வெச்சிருக்க வேணாம். நானே ஞானஸ்நானம் குடுக்கட்டுமா?" என்றார். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் செல்லும். அப்போதுதான் பெயர் யோசிக்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது. அத்தை பையன் பெயராகவே யோசித்து வைத்திருந்தார். ரெமி சட்டென்று "செலின்" என்றார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஊசியில் எடுத்த சுத்த நீரில் மூன்று சொட்டு நெற்றியில் விட்டார் சிஸ்டர். செலின் முகத்தைச் சுளித்தாள். பிடிவாதக்காரிதான்.

ஜூன் 10, சனி

செலின் காலையில் போய்விட்டாள்.

ஜூன் 13, செவ்வாய்

எனக்கு இன்னும் பிரஷர் இறங்கவில்லை என்று விடவில்லை. ரெமியும் அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும்தான் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியை ரெமி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனாராம். அத்தை சொன்னார்.

பால் மட்டும் நிற்கவில்லை. அவளுக்குப் போதாமல் சொட்டுச் சொட்டாக வந்தது, இப்போது நைட்டி நனைகிறது. தாய்ப்பால் வங்கிக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். சரி என்றேன். நல்ல மனசு என்றார்கள். மனசெல்லாம் இல்லை, வலி தாங்கவில்லை.

ஜூன் 24, சனி

வீடு. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரிடமும் ரெமி ஒரே கதையைச் சொல்கிறார். "இவ மட்டும் இதப் படிக்காம இருந்திருந்தா தாயும் போயிருப்பா, கரெக்டான நேரத்துல கண்டுபிடிச்சா." அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள். கும்பகோணத்து மாமா, "படிப்பு வீண் போகல பாருங்க" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு ரெமியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவருக்கு இப்போது இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். என் மனைவி கெட்டிக்காரி என்ற அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பள்ளிக்கூடம் போய் வருகிறார். இப்படி எழுதும்போது அவருக்காகச் சொல்லாமல் இருப்பது போல் படுகிறது. இல்லை. அவர் என்னை வேறு மாதிரி பார்த்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

ஜூலை 8, சனி

தினகரன் கூப்பிட்டார். எனக்குக் கையெல்லாம் தோசை மாவு, ஸ்பீக்கரில் போட்டேன். ரெமி பக்கத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நல்ல சேதி. கூரியர்ல ஐஸ் உருகுனது எங்க தப்புதான்னு மேனேஜ்மென்ட்ல ஒத்துக்கிட்டாங்க. புது கிட் திங்கக்கெழம உங்க லேபுக்கு வந்துரும், காசு கெடையாது. லேட் ஆனதுக்கு சாரி மேடம். புகார் தீந்துச்சுன்னு ஒரு வரி மெயில் போட்டீங்கன்னா நான் ஃபைல மூடிடுவேன்."

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மனிதர் சாரி என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க கிட்ல ஒரு குறையும் இல்ல சார். புதுசு அனுப்ப வேணாம்."

"இல்ல மேடம், ரெண்டு தட்டுலயும் கன்ட்ரோல் தப்பா வந்துச்சுன்னு நீங்கதானே..."

"கன்ட்ரோல் சரியாத்தான் வந்துச்சு. அந்த ரத்தத்துல என்ன இருந்துச்சோ அதத்தான் காட்டுச்சு."

"அப்ப சாம்பிள் யாரோடது மேடம்?"

"என்னோடது."

அவர் மெதுவாக, "மேடம், நீங்க மாசமா... பேபி எப்படி இருக்கு?" என்றார்.

"இல்ல சார். கிட் நல்லா இருந்துச்சுன்னு எழுதி ஃபைல மூடிடுங்க."

போனை மாவுக் கையாலேயே அணைத்தேன். தீய்ந்த வாசனை வந்தது. ரெமி இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் தட்டு, இரண்டாவது தட்டு, பானு கையைப் பிடித்தது, நான் உதறியது. சொல்லி முடித்ததும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்தார், சாப்பிடவில்லை, படுத்துவிட்டார்.

ஜூலை 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரெமி வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பாமல் நேரே விட்டார்.

கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டி, குழந்தைகளுக்கென்று ஒரு மூலை. பெரிய கல்லறைகளைத் தாண்டி எனக்கு முன்னால் நடந்தார். ஒரு முழ நீளத்துக்கு மண் கொஞ்சம் மேடாக இருந்தது, தலைமாட்டில் மரச் சிலுவை. பெயரை அவரே பெயின்டில் எழுதியிருக்கிறார், போர்டில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து. நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். மண்ணில் உட்கார்ந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"அந்த மெயில நான் எவ்வளவு ரசிச்சு எழுதினேன்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்."

"உனக்கும் தெரியல. தெரிஞ்சா செய்வியா?" குரல் உடைந்துவிட்டது. "ஆனா எனக்குக் கோவம் வருது பெர்னா. வராத மாதிரி நடிக்க முடியல. கொஞ்ச நாளைக்கு வரும்."

வரட்டும் என்றேன். அப்படி அவர் சொன்னது எனக்கு எல்லாருடைய ஆறுதலையும்விடப் பெரிதாக இருந்தது.

சிலுவையின் அடியில் முளைத்திருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த மொதல் தட்டு போட்ட அன்னிக்கு... அப்ப அவ எவ்வளவு பெருசு இருந்திருப்பா?"

எனக்கு அது தெரியும். அந்த வாரத்துக் குழந்தை எவ்வளவு நீளம் இருக்கும் என்று எந்தத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எண்ணாகச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கைகளையும் எடுத்து நடுவில் இடம் விட்டுக் காட்டினேன்.

"பொறந்தப்பவும் கிட்டத்தட்ட இவ்வளவுதானே இருந்தா?" என்றார்.

"ஆமா."

அவர் நகர்ந்து வந்து என் கைகளுக்கு நடுவில் இருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையை எப்போது கீழே இறக்குவது என்று தெரியவில்லை.